திரும்பி வந்த நாள்களின் கணக்கு

என் அக்காவின் நோட்டு இப்போது என் மேசையில் இருக்கிறது. அட்டையில் அவள் மகளின் பெயர், பத்தாம் வகுப்பு, அறிவியல். முதல் பதினோரு பக்கங்களில் மின்சாரமும் வேரும் தண்டும். பன்னிரண்டாம் பக்கத்தில் கையெழுத்து மாறுகிறது. எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவளின் கையெழுத்து. அவளை நிறுத்தித்தான் என்னைப் படிக்கவைத்தார்கள். அதனால் இந்த நோட்டை எடுக்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் கூச்சம் உண்டு.

"வீட்டுக்கு வந்து 9 நாள். கட்டு நனஞ்சிருக்கு. மஞ்சளா இருக்கு. வாடை இல்ல. ராத்திரி 11.10க்கு போன் பண்ணேன். காலையில கூட்டிட்டு வாங்கன்னு சொன்னாங்க. பாப்பாவால பஸ்ல உக்கார முடியாது. கார் 9,500."

2017ஆம் ஆண்டு. அப்போது அவளுக்கு வயது 15. கோ-கோ ஆடும்போது விழுந்த வலி என்று ஆறு வாரம் எண்ணெய் தேய்த்துக் கட்டுப் போட்டிருந்தோம். பிறகுதான் தெரிந்தது, இடது தொடை எலும்பின் கீழ்முனையில், முழங்காலுக்குச் சற்று மேலே, ஆஸ்டியோசர்கோமா. எலும்பு வேகமாக வளரும் பருவத்தில், வேகமாக வளரும் இடத்தில் பெரும்பாலும் வருகிற எலும்புப் புற்றுநோய். முதலில் கீமோதெரபி, அதன்பின் அறுவை, அதன்பின் மறுபடியும் கீமோதெரபி என்று வரிசை. அறுவையில் கட்டியோடு சேர்த்து எலும்பையும் மூட்டையும் எடுத்துவிட்டு உலோக மூட்டு வைத்தார்கள். தூத்துக்குடியிலிருந்து ஓர் இரவுப் பயணத் தொலைவில் இருந்த மருத்துவமனை அது. அறுவை நன்றாகவே நடந்தது. அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

நோட்டில் இருப்பது அதற்குப் பிறகான கணக்கு. மூன்று முறை, வரச்சொல்லாத நாளில், அவர்கள் திரும்பிப் போனார்கள். முதல்முறை 9ஆம் நாள், மேலே சொன்னது. காயத்தைத் திறந்து கழுவி மூடினார்கள். அடுத்த கீமோ இரண்டு வாரம் தள்ளிப்போனது. இரண்டாவது, கீமோ முடிந்து வீடு வந்த 10ஆம் நாள், வெள்ளணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தபோது வந்த காய்ச்சல். அந்த நிலையில் காய்ச்சல் என்பது மாத்திரை போட்டுக் காத்திருக்கக்கூடிய காய்ச்சல் அல்ல, சில மணி நேரத்தில் உயிரைக் கொண்டுபோகும். மூன்றாவது, 14 மாதம் கழித்து. அதைப் பின்னால் சொல்கிறேன்.

மருத்துவமனைக் கோப்பில் முதல் திரும்புதலுக்கு ஒரே வரி: காயத்தில் கசிவுடன் வந்தார். யார் பார்த்தார்கள், எத்தனை மணிக்குப் பார்த்தார்கள், யாருக்குச் சொன்னார்கள், எப்படி வந்தார்கள் என்பதற்குக் கோப்பில் இடமில்லை. ஆனால் ஒரு கேள்விக்கு மட்டும் இடம் இருந்தது. பணியில் இருந்த இளம் மருத்துவர் அக்காவைப் பார்த்துக் கேட்டார்: "யாரும்மா கட்டைப் பிரிச்சது? சுத்தமா வச்சுக்கலையா?" அக்கா பதில் சொல்லவில்லை. அன்றைய தேதிக்குக் கீழே எழுதியிருக்கிறாள்: "நான் பிரிக்கல."

இப்படித் திரும்புவதற்கு மருத்துவ நிர்வாகத்தில் 'திட்டமிடாத மறுசேர்க்கை' என்று பெயர். உலகெங்கும் பெரும்பாலும் 30 நாள் என்று ஓர் எல்லை வைத்து அதை எண்ணுகிறார்கள். அமெரிக்க அரசின் மெடிகேர் திட்டம், மாரடைப்பு, இதயச் செயலிழப்பு, நிமோனியா நோயாளிகள் 30 நாளுக்குள் அளவுக்கு மேல் திரும்பி வந்தால், 2012 அக்டோபரிலிருந்து அந்த மருத்துவமனைகளுக்குத் தரும் பணத்தைக் குறைக்கிறது. எண்ணுவது நல்லதுதான். எண்ணாதவரை எதுவும் குற்றமாவதில்லை. ஆனால் எங்கிருந்து எதுவரை எண்ணுவது? என் அக்கா மகளின் இரண்டாவது திரும்புதல், அறுவை முடிந்து வீடு வந்ததிலிருந்து பார்த்தால் 47ஆம் நாள். 30 நாள் அளவுகோலை வைத்தால் அது அந்த அறுவையின் கணக்கிலேயே வராது. மூன்றாவதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

முதல்முறை மருத்துவமனையிலிருந்து வந்தபோது அக்கா வாசல் நிலையில் வேப்பிலை செருகியிருந்தாள். நான் அதைப் பார்த்துச் சிரித்தேன் என்று நினைக்கிறேன். இல்லையென்றால் அவள் அப்படி முறைத்திருக்க மாட்டாள். சங்கப் பாடல்களில் ஆய்வு செய்து முனைவர் பட்டம் வாங்கியவள் நான். புறநானூற்றின் 281ஆம் பாடலில் பெண்கள், போரில் புண்பட்டவனைக் காக்க வீட்டில் வேம்பும் இரவமும் செருகுகிறார்கள், வெண்கடுகு தூவுகிறார்கள், மணி அடிக்கிறார்கள், காஞ்சிப் பண் பாடுகிறார்கள். இலக்கணத்தில் அதற்குத் 'தொடாக்காஞ்சி' என்று துறைப்பெயரே உண்டு. பேய் தொடாமல் காத்தல். பத்து வருடமாக வகுப்பில் அதைப் பேய் நம்பிக்கை என்று சொல்லித்தந்துகொண்டிருந்தேன். அன்று வாசலில் நின்றபோதுதான் அது புண்ணோடு கண்விழித்திருக்கும் வேலையைப் பற்றிய பாட்டு என்று உறைத்தது. அந்தப் பெண்களின் இரவுக்குப் பாட்டிருக்கிறது. மறுநாள் புண் சீழ் வைத்ததா, ஆறியதா என்பதைப் பாட்டு சொல்வதில்லை.

சீழ் வைத்ததா என்று பின்தொடர்ந்து கேட்ட வரலாறு மிகச் சின்னது. மருத்துவமனைகள் தங்கள் இறப்பு எண்ணிக்கையை எப்படி அழகாக்கிக்கொள்கின்றன என்பதை ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் 19ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவிட்டார். 'மருத்துவமனைகள் பற்றிய குறிப்புகள்' என்ற அவருடைய நூலில் இது வருகிறது: குணமாகாத நோயாளியை ஒரு மருத்துவமனை வெளியே அனுப்பிவிடுகிறது, அவர் இன்னொரு மருத்துவமனையில் சேர்ந்து ஓரிரு நாளில் இறக்கிறார், முதல் மருத்துவமனையின் புள்ளிவிவரம் சுத்தமாகிவிடுகிறது. விளக்கேந்திய சீமாட்டி என்று நம் பாடப்புத்தகங்கள் அவரைக் கருணைக்குள் அடைத்துவிட்டன. அவர் கணக்குப் பார்த்தவர்.

எலும்புப் புற்றின் வரலாற்றில் முதலில் நினைவுக்கு வரும் பெயர் ஒரு பெண்ணுடையது, என் அக்கா மகளைவிட இரண்டு வயது மூத்தவள். எலிசபெத் டாஷியல், வீட்டில் பெஸ்ஸி. 1890 கோடையில் ரயிலில் இருக்கைகளுக்கு இடையே கை நசுங்கியது. வீக்கம் வடியவில்லை. நியூயார்க்கில் 28 வயது மருத்துவர் வில்லியம் கோலி அவளைப் பார்த்தார். கையின் எலும்பில் சர்கோமா. நவம்பரில் முழங்கைக்குக் கீழே கையை எடுத்தார்கள். நோய் நிற்கவில்லை. 1891 ஜனவரி 23 அன்று, அறுவை முடிந்து மூன்று மாதம்கூட ஆகாத நிலையில், அவள் இறந்தாள். ஜான் டி. ராக்ஃபெல்லரின் மகனுக்கு அவள் நெருங்கிய தோழி. பின்னாளில் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு அந்தக் குடும்பத்தின் பணம் வந்ததற்கு அவள் மரணம் ஒரு காரணம் என்று சொல்வார்கள்.

கோலி அடுத்துச் செய்த காரியம்தான் என்னை ஈர்த்தது. அவர் தன் மருத்துவமனையின் பழைய கோப்புகளைப் புரட்டினார். கழுத்தில் சர்கோமாவோடு பலமுறை கத்தியின் கீழ் படுத்து, கடைசியில் அக்கி போன்ற ஒரு தோல்தொற்று வந்து, அதோடு கட்டியும் கரைந்து வீட்டுக்குப் போன ஒரு குடியேறித் தொழிலாளியின் கோப்பு கிடைத்தது. ஏழு ஆண்டுகள் கழிந்திருந்தன. அந்த மனிதன் உயிரோடு இருக்கிறானா என்று எந்த ஏட்டிலும் இல்லை. கோலி நியூயார்க்கின் ஏழைத் தெருக்களில் கதவு தட்டித் தேடினார், கண்டுபிடித்தார், அவன் நலமாக இருந்தான். கிருமியைக் கொண்டு புற்றைத் தாக்கும் அவருடைய சிகிச்சை முயற்சி அங்கே தொடங்கியது. அந்தச் சிகிச்சை எவ்வளவு பலித்தது என்பது நீண்ட சண்டை, அதற்குள் போகவில்லை. வெளியே போன நோயாளிக்கு என்ன ஆனது என்று மருத்துவமனைக்குத் தெரியவில்லை, அதைத் தெரிந்துகொள்ள ஒருவர் தெருவில் இறங்க வேண்டியிருந்தது. எனக்கு அதுதான் முக்கியம்.

இதையே கோட்பாடாக்கியவர் பாஸ்டன் நகரத்து எர்னஸ்ட் அமரி காட்மன். எலும்புக் கட்டி எக்ஸ்ரேயில் தெரியும் ஒரு முக்கோண நிழலுக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள்; என் அக்கா மகளின் படத்திலும் மருத்துவர் அதை விரலால் காட்டினார். மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் அறுவை மருத்துவராக இருந்த காட்மன், ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை வைக்க வேண்டும், சிகிச்சை பலித்ததா என்று குறைந்தது ஓராண்டு கழித்துப் பார்த்து எழுத வேண்டும், பலிக்கவில்லையென்றால் ஏன் என்று எழுத வேண்டும் என்றார். 'இறுதி விளைவு' என்பது அவர் வைத்த பெயர். சகாக்கள் விரும்பவில்லை. பதவி உயர்வு தகுதிக்கா, மூப்புக்கா என்ற சண்டையில் 1914இல் விலகினார். 1915 ஜனவரியில் பாஸ்டன் மருத்துவர்களின் கூட்டமொன்றில் ஒரு கேலிச்சித்திரத்தைத் திறந்து வைத்தார்: மணலில் தலையைப் புதைத்துக்கொண்டு பொன்முட்டை இடும் நெருப்புக்கோழி. பணக்கார நோயாளிகள் உண்மை தெரிந்தாலும் முட்டையிடுவார்களா என்பது கேள்வி. நகரமே அவரிடம் பேசுவதை நிறுத்தியது.

தன் சொந்தச் சிறிய மருத்துவமனையில் 1911 முதல் 1916 வரை வீடு திரும்பிய 337 நோயாளிகளின் கணக்கை அவர் அச்சிட்டு வெளியிட்டார். அதில் 123 பிழைகளைத் தானே பட்டியலிட்டிருந்தார். யாரும்மா கட்டைப் பிரிச்சது என்று கேட்கும் உலகத்தில் இது எனக்கு நம்பமுடியாததாக இருக்கிறது. 1919இல் அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி 692 பெரிய மருத்துவமனைகளை ஆராய்ந்தது. அடிப்படைத் தரம் இருந்தவை 89 மட்டும். பட்டியல் பத்திரிகைக்காரர்கள் கையில் சிக்கக்கூடாது என்று நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா விடுதியின் உலையில் போட்டு எரித்தார்கள். அடுத்த ஆண்டு வாக்கில் காட்மன் தன் கடைசிப் பெரிய வேலையைத் தொடங்கினார்: எலும்பு சர்கோமா பதிவேடு. நாடு முழுவதும் மருத்துவர்களுக்கு எழுதி, உங்கள் எலும்புப் புற்று நோயாளி உயிரோடு இருக்கிறாரா, எக்ஸ்ரே எங்கே, திசு எங்கே என்று கேட்டார். அந்த நாட்டின் முதல் புற்றுநோய்ப் பதிவேடு என்று அதைத்தான் சொல்கிறார்கள். 1940இல் இறந்தபோது அவர் கல்லறைக்குக் கல்கூட இல்லை, 2014இல்தான் வைத்தார்கள்.

காட்மனை மாணவிகளுக்குச் சொல்லும்போது அவர்கள் கண் விரியும். தனியாளாக நின்ற ஆண் நாயகன், எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் அதே மருத்துவமனையில், அதே ஆண்டுகளில், புறநோயாளிப் பிரிவின் ஓரமாக ஒரு மேசை இருந்தது. 1905இல் ரிச்சர்ட் கேபட் என்ற மருத்துவர், மருந்து எழுதிக்கொடுத்து அனுப்பிய நோயாளிகள் ஏன் அதே நோயோடு திரும்பி வருகிறார்கள் என்று யோசித்து, கார்னெட் பெல்டன் என்ற செவிலியை அங்கே உட்காரவைத்தார். பெல்டனின் வேலை நோயாளியின் வீட்டைத் தெரிந்துகொள்வது. சில மாதங்களில் அவருக்கே காசநோய் வந்து விலகினார். அடுத்து வந்தவர் ஐடா கேனன். நாற்பதாண்டுக்கு அருகில் அந்த வேலையிலிருந்து, மருத்துவச் சமூகப்பணி என்ற துறையையே உருவாக்கியவர். ஓய்வெடு என்று எழுதிக்கொடுக்கிறீர்கள், அந்த வீட்டில் கட்டில் இருக்கிறதா? சத்தாகச் சாப்பிடு என்கிறீர்கள், யார் சமைப்பது? இவைதான் அந்த மேசையின் கேள்விகள். முதல் ஆண்டுகளில் சம்பளத்தைக் கேபட்டும் நன்கொடையாளர்களும் கொடுத்தார்கள். அந்தத் துறையை மருத்துவமனை தன் பொறுப்பாக ஏற்றுக்கொண்டது 1919இல்தான்.

காட்மனின் அட்டையும் ஐடா கேனனின் மேசையும் ஒரே கேள்வியின் இரண்டு பாதிகள். அட்டையின் வாரிசுகள் இன்று தர அளவீடு, மறுசேர்க்கை விகிதம் என்று பெரிய நிர்வாகமாகிவிட்டார்கள். மேசையில் உட்கார்ந்தவர்கள் இன்றும் ஓரத்திலேயே. நாங்கள் போன மருத்துவமனையிலும் ஒரு சமூகப்பணியாளர் இருந்தார், மிக நல்ல பெண். மொத்தப் புற்றுநோய்ப் பிரிவுக்கும் அவர் ஒருவர்.

திரும்புதலுக்குக் காலக்கெடு வைத்தால் என்ன ஆகும் என்பதை, எலும்பின் இன்னொரு கதையில் சட்டமே காட்டியது. அமெரிக்காவின் நியூஜெர்சியில், முதல் உலகப்போர்க் காலத்திலிருந்து, கடிகார முகப்புகளில் ரேடியம் கலந்த ஒளிரும் வண்ணம் தீட்டும் தொழிற்சாலைகளில் இளம்பெண்கள் வேலை பார்த்தார்கள். தூரிகை முனை கூராக இருக்க உதட்டில் வைத்துக் கூராக்கச் சொல்லித்தந்தார்கள். உள்ளே போன ரேடியத்தை உடல் சுண்ணாம்புச்சத்து என்று நினைத்து எலும்பில் சேர்த்துவைத்தது. மாலி மாஜியா என்ற பெண்ணுக்கு முதலில் ஒரு பல் வலி. பிடுங்கினார்கள், ஆறவில்லை. அடுத்த பல். மறுபடி மறுபடி அதே நாற்காலிக்குத் திரும்பினாள். கடைசியில் தாடை எலும்பே கையோடு வந்தது. 1922இல் அவள் இறந்தபோது காரணம் சிஃபிலிஸ் என்று எழுதினார்கள். ஒரு பெண் ஏன் ஆறாமல் திரும்பி வந்துகொண்டே இருக்கிறாள் என்ற கேள்விக்கு, அவள் ஒழுக்கம் கெட்டவள் என்ற பதில் எப்போதும் தயாராக இருக்கிறது.

கிரேஸ் ஃப்ரையர் வழக்குப் போட வழக்கறிஞரைத் தேடி இரண்டு ஆண்டு அலைந்தார். 1927இல் தொடுத்தார், இன்னும் நான்கு பெண்கள் சேர்ந்துகொண்டார்கள், அவர்களில் இருவர் மாலியின் சகோதரிகள். நிறுவனம் முதலில் நீட்டியது காலக்கெடுவைத்தான். நியூஜெர்சி சட்டப்படி இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போட்டிருக்க வேண்டும். ரேடியம் எலும்பில் உட்கார்ந்து வேலை செய்ய ஐந்து ஆண்டு எடுத்துக்கொண்டால் அது பெண்களின் தாமதம். 1928இல் சமரசம்: ஆளுக்கு 10,000 டாலர், உயிரோடு இருக்கும்வரை ஆண்டுக்கு 600 டாலர், மருத்துவச் செலவு. தாடை அழுகலைத் தாண்டி உயிர் பிழைத்தவர்களுக்குப் பின்னால் எலும்பு சர்கோமா வந்தது. மாஜியா சகோதரிகளில் ஒருவரான குவிண்டா 1929இலும் கிரேஸ் ஃப்ரையர் 1933இலும் அதில் இறந்தார்கள். ரேடியம் எலும்பில் என்ன செய்யும் என்று உலகம் அறிந்தது இந்தப் பெண்களின் உடல்களிலிருந்துதான்.

1970கள்வரை ஆஸ்டியோசர்கோமாவுக்கு இருந்தது பெரும்பாலும் ஒரே வழி, காலை எடுப்பது. எடுத்த பிறகும் பத்தில் எட்டுப் பேரை, நுரையீரலுக்குப் பரவி, நோய் கொண்டுபோனது. கனடாவின் டெர்ரி ஃபாக்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். 1977இல் வலது கால் எடுக்கப்பட்டது. 1980இல் செயற்கைக் காலோடு 143 நாள், 5,373 கிலோமீட்டர் ஓடினார். நெஞ்சுவலியோடு தண்டர் பே நகரத்தில் நின்றார். நுரையீரலில் நோய். உலகம் ஓட்டத்தை நினைவில் வைத்திருக்கிறது. அவர் இறந்தபின் முப்பது ஆண்டு, ஊர் ஊராகப் போய் அந்த ஓட்டத்தை நடத்திக்கொண்டே இருந்தவர் அவருடைய அம்மா பெட்டி ஃபாக்ஸ், 2011இல் தான் இறக்கும்வரை.

மெத்தோட்ரெக்சேட், அட்ரியாமைசின் போன்ற மருந்துகள் வந்தபின் பரவாத நோயில் பத்தில் ஆறேழு பேர் பிழைக்கத் தொடங்கினார்கள். பிழைப்பவர்கள் அதிகமானபோது காலையும் காப்பாற்றலாமே என்ற எண்ணம் வலுத்தது. உள்ளூரில் செய்த உலோக மூட்டுகளைக் கொண்டு சென்னையின் எலும்பு மருத்துவர்கள் 1980களின் இறுதியிலிருந்தே இதைச் செய்துவந்திருக்கிறார்கள். வெளிநாட்டு மூட்டின் விலையை நினைத்துப் பார்க்க முடியாத குடும்பங்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். சரியாகத் தேர்ந்தெடுத்த நோயாளிகளில் காலை எடுத்தாலும் வைத்தாலும் பிழைக்கும் வாய்ப்பு ஏறக்குறைய ஒன்றுதான் என்று 1980களின் ஆய்வுகள் காட்டின. அதனால் இன்று காலைக் காப்பதே முதல் தேர்வு.

ஆனால் வைத்த காலுக்கு ஒரு விலை உண்டு, அது பிற்பாடு தவணையில் வரும். காயம் திறந்துகொள்ளலாம். உலோகம் எலும்பிலிருந்து தளரலாம். உடையலாம். தொற்று வரலாம், கீமோவில் எதிர்ப்புச் சக்தி இறங்கிய உடலில் இன்னும் எளிதாக வரும். நோயே அதே இடத்தில் திரும்பலாம். வளரும் பிள்ளையென்றால் மற்றக் கால் நீண்டு இது குட்டையாகலாம். மருத்துவர்கள் இவற்றை வகைபிரித்து எண் போட்டு வைத்திருக்கிறார்கள். காலை எடுத்தவர்களைவிட வைத்துக்கொண்டவர்கள் மறு அறுவைக்கு அதிகம் திரும்புகிறார்கள் என்பது அவர்கள் மறைக்காத செய்தி.

எங்கள் வீட்டில் இந்த முடிவு எப்படி எடுக்கப்பட்டது என்பதைச் சொல்ல வேண்டும். மருத்துவர் இரண்டு வழியையும் பொறுமையாகச் சொன்னார். அறையில் அவளுடைய அப்பா, பெரியப்பா, நான், அக்கா. அவள் வெளியே நாற்காலியில். பெரியப்பா கேட்டார்: "பொம்பளப் புள்ள டாக்டர். காலை எடுத்துட்டா நாளைக்கு யார் கட்டிக்குவா?" மருத்துவர் தலையை அசைத்தார். நான் பெண்ணியம் பேசுகிறவள், கவிதை எழுதுகிறவள், அந்த அறையில் ஒரு வார்த்தை பேசவில்லை. காலைக் காப்பாற்றியது சரியான முடிவாகவே இருக்கலாம். அவளைக் கேட்டிருந்தாலும் அதையே சொல்லியிருக்கலாம். ஆனால் யாரோ ஒரு வருங்காலக் கணவனின் கண்ணுக்காக எடுக்கப்பட்ட முடிவின் தவணைகளை, இரவு 11.10க்கு போன் அடித்துக் கட்டியது அக்கா. பெரியப்பா ஒருமுறைகூடத் திரும்பும் காரில் ஏறவில்லை.

புற்றுநோயைப் பற்றிப் பேசும்போது தமிழ்ப்பெண்கள் மறக்கக்கூடாத ஒரு தொடக்கம் அடையாறில் இருக்கிறது. தங்கையைப் புற்றுநோய்க்குக் கொடுத்த முத்துலட்சுமி ரெட்டி, இந்திய மாதர் சங்கத்தின் வழியாக நிதி திரட்டினார். 1954இல் 12 படுக்கைகளோடு புற்றுநோய் நிறுவனம் திறந்தது. 1980களின் தொடக்கத்தில் சென்னைக்கான புற்றுநோய்ப் பதிவேடு அங்கே தொடங்கியது, வி. சாந்தா தன் காலம் முழுவதும் வலியுறுத்திய வேலைகளில் அதுவும் ஒன்று. பணியாளர்கள் மருத்துவமனை மருத்துவமனையாக, தேவைப்பட்டால் வீடு வீடாகப் போய்க் கேட்டுச் சேர்த்த பதிவேடு. கோலி தெருவில் இறங்கியதும், காட்மன் கடிதம் எழுதியதும், ஐடா கேனன் கதவைத் தட்டியதும் அதில் ஒன்றாகச் சேர்கின்றன என்று எனக்குத் தோன்றும். யாருக்கு வந்தது, யார் இருக்கிறார்கள் என்று அது சொல்லும். 9,500 ரூபாய் காருக்கு அதில் பத்தி கிடையாது.

மூன்றாவது திரும்புதல். 14 மாதம் கழித்து, எல்லாம் முடிந்தது என்று குலசேகரப்பட்டினத்தில் வேண்டுதல் செலுத்திவிட்டு வந்த வாரம், முழங்கால் சூடாக வீங்கியது. மூட்டைச் சுற்றித் தொற்று. உலோகத்தை முழுதாக வெளியே எடுத்து, நுண்ணுயிர்க்கொல்லி கலந்த சிமெண்ட்டை அந்த இடத்தில் வைத்து, தொற்று போனது உறுதியானபின் நான்கு மாதம் கழித்துப் புதிய மூட்டு வைத்தார்கள். அந்த நான்கு மாதம் நோட்டில் மொத்தம் 37 பக்கம். மருந்து நேரம், வெப்பநிலை, வீக்கத்தின் சுற்றளவு தையல் டேப்பில் அளந்து. இடையிடையே, "தூங்கல." ஒரு பக்கத்தில், "அவங்க அப்பா காசு கேட்டதுக்குக் கத்துனாரு." இந்த முறை மருத்துவமனைக்கு அவள் நோட்டோடு போனாள். மூத்த மருத்துவர் அதை வாங்கி உட்கார்ந்து படித்தார். வீக்கத்தின் அளவுகளைத் தன் கோப்பில் எழுதிக்கொண்டார். அக்கா அதைப் பற்றி இன்றைக்கும் பேசுவாள், பரிசு வாங்கிய கதையைப்போல.

அவளுக்கு இப்போது 23 வயது. பி.எட். படிக்கிறாள், லேசாகச் சாய்ந்து நடப்பாள், படிக்கட்டில் கைப்பிடி வேண்டும். இந்தக் கட்டுரையை அவளிடம் படிக்கக் கொடுத்தேன், அவள் உடம்பைப் பற்றியது என்பதால். பெரியப்பா பகுதியை இரண்டு முறை படித்தாள், ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ஓரிடத்தில் விரலை வைத்தாள்.

"இது 10ஆம் நாள் இல்ல சித்தி. 9ஆம் நாள் சாயங்காலமே காய்ச்சல் வந்துருச்சு. நான்தான் அம்மாகிட்ட சொல்லல."

"ஏன்டி?"

"அம்மா அன்னைக்குத்தான் மொத தடவையா படுத்துத் தூங்குச்சு."